மொட்டைத் தென்னையில் ஒரு பொந்து

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் கேட்டது ரெண்டே கேள்வி. சென்னையிலேயே மரங்கொத்தி பார்க்க முடியுமா? அதைப் படம் எடுக்க என்ன லென்ஸ் வேணும்? முதல் கேள்விக்குப் பதில், தாராளமா முடியும். லென்ஸுக்கும் வர்றேன். ஆனா அதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லிடுறேன். அதை மறைச்சுட்டு டிப்ஸ் மட்டும் கொடுக்க எனக்கு மனசு வரல.

2019 மார்ச். தாம்பரத்தைத் தாண்டி ஒரு ஃப்ரெண்டு வீடு. அவன் வீட்டுக்கு எதிர்ல பழைய ஓட்டு வீடு ஒண்ணு, பின்னாடி பத்துப் பன்னிரண்டு தென்னை. அதுல ஒரு மரத்துக்குத் தலையே இல்லை. 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப குருத்தோட முறிஞ்சு போச்சாம். வெட்டுறதுக்குக் கேட்ட கூலி அதிகம்னு அந்த வீட்டுப் பாட்டி அப்படியே விட்டுட்டாங்க.

ஒரு நாள் காலைல ஆறே முக்காலுக்கு மொட்டை மாடியில டீ குடிச்சுட்டிருந்தேன். கடகடன்னு யாரோ சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம். மீன்கொத்தின்னு நினைச்சு கரண்ட் கம்பியில தேடுறேன், காணோம். அப்போ ஒரு பறவை ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அலை மாதிரி பறந்து வந்து மொட்டைத் தென்னையில ஒட்டிக்கிச்சு. முதுகு பொன் நிறம், இடுப்பு கறுப்பு, உச்சியில சிவப்புக் கொண்டை. பொன்முதுகு மரங்கொத்தி. நம்ம ஊர்ல அதிகமா கண்ணுல படுற மரங்கொத்தி இதுதான். தென்னை இருக்கிற எந்தத் தெருவிலயும் வரலாம்.

ஆணா பெண்ணான்னு தலையைப் பார்த்தே சொல்லிடலாம். ஆணுக்கு நெத்தியில இருந்தே சிவப்பு. பெண்ணுக்கு முன்னந்தலை கறுப்பு, அதுல வெள்ளைப் புள்ளி. சிவப்பு பின்னாடி மட்டும்தான். அன்னைக்கு வந்தது ஆண். கொஞ்ச நேரத்துல பெண்ணும் வந்துச்சு. மரத்துல மேல் பக்கமா, கிட்டத்தட்ட என் கண் மட்டத்துல ஒரு வட்டப் பொந்து. பெண் உள்ள போச்சு, ஆண் கிளம்பிடுச்சு.

அடுத்த மூணு நாள் ஆஃபீஸுக்கு லேட்டாத்தான் போனேன். எனக்கு அதுல வருத்தமே இல்லை. மரங்கொத்தி மரத்துல எப்படி நிக்குதுன்னு முதல் தடவையா நிதானமா பார்த்தேன். வால் இறகு விறைப்பா இருக்கும், அதை மரத்துல முட்டுக்கொடுத்து கிட்டத்தட்ட முக்காலி மாதிரி நிக்கும். சந்தேகம் வந்தா தண்டோட மறுபக்கம் சுத்திப் போய் ஒளிஞ்சு, ஓரமா ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்க்கும். நாம துரத்திட்டுச் சுத்தினா அதுவும் சுத்தும். அசையாம உட்கார்ந்தா தானா வெளியே வந்துடும்.

ஒரு சின்ன இடைச்செருகல். இவ்வளவு கொத்தியும் மூளை ஏன் கலங்கலன்னு கேட்டா, மண்டையோடு ஷாக் அப்சார்பர் மாதிரி வேலை செய்யுதுன்னுதான் நாம எல்லாரும் படிச்சிருப்போம். 2022-ல பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஹை ஸ்பீட் வீடியோ எடுத்துப் பார்த்தாங்க. அப்படி எதுவும் இல்லையாம். மண்டை சுத்தியல் மாதிரி கெட்டியா இருக்கு. அதிர்ச்சியை அது வாங்கிக்கிட்டா மரத்துல இறங்கற அடியோட வேகம்தானே குறையும்? மூளை ரொம்பச் சின்னதா இருக்கிறதாலதான் பறவை தப்பிக்குதுங்கிறாங்க. எனக்கு இந்த விளக்கம் ரொம்பப் பிடிச்சுது.

சரி, தப்புக்கு வர்றேன். நாலாவது நாள் ஒரு நல்ல படம் கிடைச்சுது. ஆண் பொந்து வாசல்ல, காலை வெயில் முதுகுல. அதை ஒரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன். "எங்க ப்ரோ?"ன்னு கேட்டாங்க. ஒரு செகண்ட் கூட யோசிக்கல, லொகேஷன் பின்னைத் தூக்கிப் போட்டுட்டேன். பெருமைதான், வேறென்ன.

ஞாயித்துக்கிழமை காலைல எட்டு பேர். எட்டு பேர்கிட்டயும் பெரிய லென்ஸ். காம்பவுண்டு சுவரை ஒட்டி, மரத்துக்குக் கீழேயே நின்னோம். ஆமா, நானும்தான். எல்லாரும் அலகுல புழுவோட ஒரு படத்துக்குக் காத்திருந்தோம். இந்த இனம் இரையை விழுங்கிட்டு வந்து குஞ்சுக்குக் கக்கி ஊட்டும்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் படம் எத்தனை மணி நேரம் நின்னாலும் கிடைச்சிருக்காது!

வழக்கமா அரை மணிக்கு ஒரு தடவை வர்ற ஆண், அன்னைக்குப் பக்கத்து வேப்பமரத்துல வந்து உட்கார்ந்து கத்துச்சு. தென்னை வரைக்கும் வந்துச்சு, திரும்பிடுச்சு. ஒருத்தர் போன்ல மரங்கொத்தி சத்தத்தைப் போட்டார். தன் இடத்துக்கு வேற ஆண் வந்துடுச்சுன்னு நினைச்சு அது பரபரன்னு மரத்துக்கு மரம் தாவ ஆரம்பிச்சுது. எங்களுக்கு நல்லா போஸ் கொடுக்குதுன்னு சந்தோஷம், க்ளிக் க்ளிக்னு ஒரே சத்தம். எட்டு மணியில இருந்து ஒன்பதே கால் வரைக்கும் ரெண்டுல ஒண்ணுகூட பொந்துக்குள்ள போகல. உள்ள இருந்து குஞ்சுங்க சத்தம் மட்டும் கேட்டுட்டே இருந்துச்சு.

பாட்டி வாளியோட வெளியே வந்தாங்க. எங்களை ஒரு பார்வை, மரத்தை ஒரு பார்வை. "ஏம்பா, உன் வீட்ல புள்ளைக்குச் சோறு ஊட்டறப்ப எட்டு பேர் வாசல்ல வந்து நின்னா ஊட்டுவியா?"ன்னாங்க. யாரும் பேசல. "மன்னிச்சிருங்க பாட்டி"ன்னு நான் முனகினது அவங்களுக்குக் கேட்டிருக்காது.

எல்லாரும் கிளம்பிட்டோம். நான் மட்டும் எதிர் மாடிக்கு ஏறி, தண்ணி டேங்க் நிழல்ல உட்கார்ந்தேன். ஒன்பது நாற்பதுக்குப் பெண் வந்துச்சு. சுத்திச் சுத்திப் பார்த்துட்டு உள்ள போச்சு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு. குரூப்ல பின்னை அழிச்சேன், கூடு இருக்கிற இடத்தைச் சொல்றதில்லைன்னு எழுதினேன். ரெண்டு பேர் கோச்சுக்கிட்டுப் போயிட்டாங்க, பரவாயில்ல.

இப்ப லென்ஸ். கூட்டுக்குத் தள்ளி நிக்கணும்னா நீளமான லென்ஸ் உதவும். 150-600 இருந்தா வசதி, 70-300 வெச்சும் ஆரம்பிக்கலாம். பறவை சின்னதா விழும், விழட்டும். மரமும் படத்துல இருக்கட்டுமே. தலை அசைவு உறையணும்னா 1/2000-க்குக் குறையாம வைங்க. எனக்கென்னவோ 1/125-ல உடம்பு நிலையா, தலை மட்டும் கலங்கி வர்ற படம்தான் பிடிக்கும், கொத்தற சத்தமே கேட்கற மாதிரி இருக்கும். வானம் பின்னாடி இருந்தா பறவை கருப்பாயிடும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏத்துங்க. நேர் வெயில்னா பொன் முதுகு வெளுத்துடும், இறக்குங்க. கூட்டுக்கிட்ட ஃப்ளாஷ் வேண்டாம், போன்ல சத்தம் போடவே வேண்டாம். தாய் தகப்பன் பக்கத்து மரத்துல நின்னு கத்திட்டு உள்ள போகாம இருந்தா, நீங்க ரொம்பக் கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம். பின்னாடி வாங்க. அப்பவும் போகலன்னா வீட்டுக்குப் போங்க.

இந்த இனத்துக் குஞ்சு முட்டையை விட்டு வந்து சுமார் 20 நாள்ல பறந்துடும். அதைப் படம் எடுக்கணும்னு லீவெல்லாம் போட்டு வெச்சிருந்தேன். ரெண்டு நாள் முன்னாடியே ஃப்ரெண்டு போன் பண்ணினான். "பாட்டி சொல்லச் சொன்னாங்கடா. ரெண்டு குஞ்சும் நேத்தே பறந்துடுச்சாம்."

அடுத்த வருஷம் அதே பொந்துல மைனா குடும்பம். மைனாவால பொந்து குடைய முடியாது, யாராவது குடைஞ்சு விட்டுட்டுப் போனாத்தான் உண்டு. பாட்டி இன்னும் அந்த மரத்தை வெட்டல. இப்பக் கூலியைக் காரணம் சொல்றதில்ல.

அந்தக் காலை வெயில் படத்தைப் பிரிண்ட் போட்டு அவங்ககிட்டக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "முதுகைத்தான எடுத்திருக்க, மூஞ்சியே தெரியலியே"ன்னாங்க. அப்புறம் உள்ள கொண்டுபோய் காலண்டர் ஆணியில மாட்டினாங்க.