பெயர் நீக்கி அனுப்பிய கட்டுரை



ஆய்வு மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்புவது பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று நீங்கள் ஐயுறலாம். நான் பி.ஏ., பி.எட். படித்த பள்ளித் தலைமையாசிரியன். ஆய்வுக் கட்டுரை எதுவும் எழுதியவன் அல்லன். ஆயினும் சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி கையில் ஒரு தாளோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவள் சமூகவியலில் முதுகலை முடித்தவள். செங்கற் சூளைக்குக் குடும்பத்தோடு செல்வோரின் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள் என்பதைத் தன் தெருவில் 62 வீடுகளில் கேட்டு எழுதினாள். சமூக அறிவியல் ஆய்வு முறைகள் பற்றிய மாநாடு ஒன்றுக்கு 300 சொற்களில் சுருக்கம் அனுப்பினாள். இத்தகைய மாநாடுகள் பலவற்றில் எழுதியவர் பெயரையும் கல்லூரியையும் நீக்கிவிட்டே மதிப்பீட்டாளரிடம் கொடுப்பார்கள். பெயரைச் சொன்னால் ஊரைக் கேட்கும், ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்கும் நம் நாட்டுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் அவளோ ‘எங்கள் தெரு’ என்றே எழுதிவிட்டாள்.

சுருக்கம் திரும்பி வந்தது. 62 வீடுகள் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டன என்று சொல்லவில்லை என்பது ஒரு குறை. ஆய்வாளர் அதே தெருவினர் ஆதலால் நடுநிலை ஐயத்திற்குரியது என்பது மற்றொரு குறை.

எனக்குச் சினம் மூண்டது. நம்மை எண்ணியும் அளந்தும் எழுதிய வெளியாரிடம் இக்கேள்வியை எவர் கேட்டார்? அவர்களுக்கு மட்டும் சார்பு இல்லையோ? சினம் தணிந்தபின், முதற்குறை முற்றும் நியாயமே என்று கண்டேன். பூட்டிக் கிடந்த வீடுகளை அவள் விட்டுவிட்டாள். சூளைக்குப் போனவர் வீடுதானே பூட்டிக் கிடக்கும்!

இரண்டாம் குறைக்காக அண்ணல் அம்பேத்கரின் ‘இந்தியாவில் சாதிகள்’ என்னும் கட்டுரையை எடுத்து அவளோடு படித்தேன். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் அதை வாசித்தபோது அவருக்கு வயது 25. மறு ஆண்டு ‘இந்தியன் ஆன்டிக்வரி’ இதழில் அது அச்சேறியது. செனார்ட், நெஸ்ஃபீல்ட், ரிஸ்லி, கேட்கர் ஆகியோர் சாதிக்குக் கூறிய வரையறைகளை முதலில் எடுத்து வைத்து, ஒவ்வொன்றையும் ஆராய்கிறார். பிறகே, அகமணமே சாதியின் உயிர்நிலை என்று தம் கருத்தை வைக்கிறார். ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் செய்ய வேண்டுமாயின் ஆண் பெண் எண்ணிக்கை ஏறத்தாழச் சமமாக நிற்க வேண்டும். துணையை இழந்த ஆணும் பெண்ணும் மிகையாகின்றனர். உடன்கட்டை, கைம்மை, குழந்தை மணம் ஆகியவை அம்மிகையைத் தீர்க்க எழுந்த வழிகள் எனப் படிப்படியாக நிறுவுகிறார். தாம் பட்ட அவமானத்தைச் சான்றாக அடுக்கவில்லை. முடிவில், தம் கொள்கை நில்லாது என்று காட்டினால் அதைக் கைவிடவும் ஆயத்தம் என்கிறார்.

“அப்படியானால் நானும் ‘எங்கள் தெரு’வை அடித்துவிடட்டுமா, ஐயா?” என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அண்ணலின் கட்டுரை தருக்கத்தால் நடப்பது. இவளுடையதோ வீடு வீடாகக் கேட்டு எழுதியது. கேட்டவர் யார் என்பதும் அங்கே சான்றின் ஒரு பகுதி. தெருப் பெண் என்பதால், சூளை முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தைத் தாய்மார் மறைக்காமல் சொன்னார்கள். அதே காரணத்தால் வீட்டுச் சண்டையை மறைத்தார்கள். அடுத்த வீட்டுக்குப் போய்விடும் அன்றோ! இரண்டையும் ஆய்வு முறை என்னும் பகுதியில் வெளிப்படையாக எழுது என்றேன்.

மழை தொடங்கிச் சூளை நின்றதும், விடுபட்ட 11 வீட்டாரும் ஊர் திரும்பினர். அவர்களையும் கேட்டாள். முன்பணமே காரணம் என்று முன்னர் எழுதியிருந்தாள். இவ்வீடுகளில் மூன்றில் வேறு செய்தி கிடைத்தது. திரும்பி வந்த பிள்ளையை மீண்டும் வகுப்பில் உட்கார வைக்கப் பள்ளி தயங்கியதாம். அது நான் பணியாற்றும் பள்ளி. என்னிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கியிருக்கிறாள். அதையும் எழுது என்றேன்.

திருத்திய சுருக்கத்தை அனுப்பியிருக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை. அம்மூன்று பிள்ளைகளில் இருவர் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறார்கள். மூன்றாமவனைத் தேடி இரண்டு முறை சூளைக்குப் போய் வந்தேன்.