சீப்போடு வரும் முடி

கீமோதெரபி எடுத்தால் முடி ஏன் கொட்டுகிறது? புற்றுநோய் செல் வேகமாகப் பெருகும். வேகமாகப் பெருகுவதையெல்லாம் அந்த மருந்து தாக்கும். முடி வேரிலுள்ள செல்களும் அதே வேகம்தான்; அவையும் மாட்டிக்கொள்கின்றன!

சிவப்பாக இறங்குமே டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து, அதைப் போட்ட இரண்டு மூன்று வாரத்தில் சீப்போடு முடி கொத்துக் கொத்தாக வரும். புருவம்கூடப் போகலாம். எல்லா கீமோ மருந்துக்கும் இப்படிக் கொட்டாது. டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

சிலர் கொட்டும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே ஒட்ட வெட்டிக்கொள்கிறார்கள். நல்ல யோசனை. காலையில் தலையணை முழுக்க முடியைப் பார்க்கிற வேதனை குறையும். பழனியில் மொட்டை போட்டு வந்தவரை யாரும் துருவித் துருவிக் கேட்பதில்லை. இவர்களை மட்டும் ஏனோ கேட்கிறோம்!

முடியில்லாத தலையில் பருத்தித் துணி கட்டினால் உறுத்தாது. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் முடி திரும்ப வளரும். நேராக இருந்தது சுருட்டையாக வருவதும் உண்டு.