புட்டியும் ஓர் ஏடு

பட்டாபிராம் பழம்பொருள் கடையில் எடைக்குப் போகும் புட்டியும் படிக்கத்தக்க ஏடே. அமெரிக்காவில் பழம்புட்டி சேகரிப்போர் முதலில் தேடுவது, அச்சின் இரு பாதிகளும் கூடிய கோட்டைத்தான். 1904இல் காப்புரிமை பெற்ற ஓவன்ஸின் தானியங்கிப் பொறியில் வார்த்த புட்டியில் அக்கோடு வாய்விளிம்புவரை ஏறும். கழுத்தோடு நின்றுவிட்டால், வாயைக் கையால் முடித்தவன் பெரும்பாலும் ஒருவன் உண்டு. வாஷிங்டன் உருவம் பதித்த பழங்குடுவைகளின் அடியில் இரும்புக்கோல் ஒட்டிய வடுவும் காணலாம். பெயரறியாத் தொழிலாளியின் கையொப்பம் அது.

நம் கோலிசோடாப் புட்டிக்கு ஆங்கிலேயர் ஹிரம் காட் 1872இல் காப்புரிமை பெற்றார். வாயுவின் அழுத்தமே கோலியை ரப்பர் வளையத்தோடு இறுக்கும் விந்தை அது! கோலிக்காகப் பிள்ளைகள் உடைத்தவை எண்ணில. அவர்களைக் குறைசொல்லவும் மனம் வராது. உடையாது தப்பியவையோ உடைகண்ணாடி விலைக்கே போகின்றன.