முதல் மூன்று மாதத்தை ஊர் தாங்கட்டும்



பதுளை ஆஸ்பத்திரி வார்டில் நம் வீட்டுக் கிழவி தமிழில் வலியைச் சொல்ல, பக்கத்துக் கட்டில்காரி சிங்களத்தில் எடுத்துச் சொல்ல, தாதி அதைக் கேட்டு எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தாதி நம் தோட்டத்து லயத்துப் பிள்ளையாக இருக்கலாமே! உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சித்தியடைந்தும், "எங்களால முடியாதும்மா" என்று வீடு சொன்னதால் தாதியர் படிப்பை விட்டுக் கடைக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் எத்தனை? அதனால் இன்று பணக் கணக்கை மட்டும் பேசுகிறேன்.

1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி இன்றும் நமக்குச் சொந்தம். பேராதனை, யாழ்ப்பாணம், ஜயவர்தனபுர, ருகுணு, கிழக்கு என எந்த அரச பல்கலைக்கழகத்துக்குப் போனாலும், நான்கு வருடத் தாதியர் பட்டத்துக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. பின்தங்கிய மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டிலும் பதுளைக்குப் பங்கு உண்டு.

ஆனால் போர்டிங் காசு? பஸ் காசு? வெள்ளைச் சீருடை, சப்பாத்து, நாடி பார்க்க விநாடி முள் உள்ள கைக்கடிகாரம்? இதற்குத்தான் 1981இல் அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது. மகாபொல கிடைக்காதவர்களுக்கான பேர்சரி உதவித்தொகை 4,000இலிருந்து 6,500 ஆனது. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால், அந்த 7,500 ரூபாய் ஐந்தரை நாள் கொழுந்துக் கூலியாகத்தான் இருந்தது. மகாபொல வகுப்பு தொடங்கிய அன்றே கைக்கு வருவதும் இல்லை. பிள்ளை தடுமாறுவது அந்த இடைவெளியில்தான்.

பெற்றோரே, விண்ணப்பத்துக்கான ஆவணங்களைத் தயார்செய்யப் பெறுபேறு வரும்வரை காத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி இருந்தால் இன்றே திருத்துங்கள். வருமானத்தை உறுதிப்படுத்தக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திடமும் போக வேண்டியிருக்கும். தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றே இந்திய உயர் ஸ்தானிகராலயத்தின் வழியாகப் புலமைப்பரிசில் தரும் கல்வி நிதியம் ஒன்றும் உண்டு, அதற்கும் விண்ணப்பியுங்கள்.

பல்கலைக்கழகம் கைநழுவினாலும் கலங்க வேண்டாம். பதுளையிலேயே தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. மூன்று வருடப் பயிற்சிக்கு அரசே மாதக் கொடுப்பனவு தருகிறது. வேலையில் சேர்ந்தபின் திறந்த பல்கலைக்கழகத்தில் பட்டமும் முடிக்கலாம். தனியார் பட்டமென்றால், 2017இல் தொடங்கிய அரசின் வட்டியில்லாக் கடன் பட்டியலில் அந்தப் பட்டம் இருக்கிறதா, பிணை நிற்பவர் யார் என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். நுண்கடன் கம்பெனிக்காரனிடம் மட்டும் போய்விடாதீர்கள்!

இனி நம் பங்கு. தொழிற்சங்கத்துக்குச் சந்தா கொடுக்கிறோம், கோயில் திருவிழாவுக்குக் கொடுக்கிறோம். முந்நூறு பேர் வேலை செய்யும் தோட்டத்தில் ஆளுக்கு மாதம் 50 ரூபாய் போட்டால் 15,000 சேரும். 2025 கணக்கில் அது இரண்டு மாத மகாபொல! தெரிவான பிள்ளைக்கு முதல் மூன்று மாதச் செலவை அதிலிருந்து வட்டியில்லாமல் கொடுப்போம். வேலை கிடைத்ததும் அவள் திருப்பிக் கட்டட்டும், அந்தக் காசு அடுத்த பிள்ளைக்குப் போகட்டும். கணக்கை ஒரு ஆசிரியரும் இரண்டு தாய்மாரும் பார்க்கட்டும். மாதந்தோறும் கோயில் பலகையில் ஒட்டட்டும்.

கைதட்டல் போதாது, ஐயாமாரே, அம்மாமாரே. இந்தக் கூட்டம் கலையும் முன் கணக்குப் பார்க்கப்போகும் அந்த மூன்று பேரின் பெயர்களை ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் எழுதித் தாருங்கள். அடுத்த சம்பள நாளில் வசூலைத் தொடங்குவோம்.