மடிப்புக் கலையும் புரதம்



ஆறு வயதுக் குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தால் வீடே நிலைகுலைந்துபோகும். இன்சுலின் ஊசிக்கும் கணக்கான சாப்பாட்டுக்கும் பழகிப் பெற்றோர் சற்று மூச்சுவிடும் நேரத்தில், பத்துப் பதினோரு வயதில் அதே குழந்தை, கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது என்கிறது. நிறங்கள் வெளிறுகின்றன. கண்ணாடியை மாற்றியும் பயனில்லை. பிறகு காது மந்தமாகிறது, நடை தள்ளாடுகிறது. வோல்ஃப்ராம் சிண்ட்ரோம் என்னும் மரபணு நோய் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் வருகிறது.

1938-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த டான் வோல்ஃப்ராம், ஹென்றி வாகனர் என்ற இரு மருத்துவர்கள், ஒரே வீட்டுப் பிள்ளைகள் நால்வரிடம் இதைக் கண்டு எழுதினார்கள். காரணமான மரபணு பிடிபட மேலும் அறுபது ஆண்டுகள் ஆயின. 1998-ல் செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் பெர்மட்டின் குழு, நான்காவது குரோமோசோமில் இருக்கும் டபிள்யூ.எஃப்.எஸ்.1 என்ற மரபணுவைக் கண்டறிந்தது.

கணையத்தையும் கண் நரம்பையும் ஒரே மரபணு எப்படிச் சிதைக்கிறது? இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகளாக வாழ்பவர் ஃபுமிஹிகோ உரானோ. ஜப்பானில் மருத்துவம் படித்து அமெரிக்காவுக்குச் சென்றவர். செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்றொரு பகுதி உண்டு. புதிதாக உருவாகும் பல புரதங்கள், இன்சுலின் உட்பட, அங்கேதான் சரியான வடிவத்தில் மடிக்கப்படுகின்றன. தீபாவளி வாரத்துப் புடவைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பிரித்துக் காட்டிய புடவைகளை மடித்து வைக்க ஆள் இல்லாவிட்டால், விற்பவர் நிற்கக்கூட இடமிருக்காது. மடிபடாத புரதங்கள் குவியும்போது செல்லுக்கும் அதே நெருக்கடிதான். முதலில் சமாளிக்கப் பார்க்கும். முடியாதபோது தன்னையே அழித்துக்கொள்ளும். டபிள்யூ.எஃப்.எஸ்.1 தரும் புரதம் இந்த நெருக்கடியைக் கட்டுக்குள் வைக்கிறது என்று 2005-லும் 2010-லும் உரானோவின் குழு காட்டியது. அந்தப் புரதம் பழுதானால் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லும் மடிகிறது, நரம்பு செல்லும் மடிகிறது.

பெர்மட் 2012-ல் காலமானார். அதே ஆண்டு அதே பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்த உரானோ, நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆய்வையும் தொடர்ந்தார். எண்டோபிளாச வலையிலிருந்து கால்சியம் கசிந்து, கால்பெய்ன் என்ற நொதியைத் தூண்டிவிடுவதே செல்லின் சாவுக்கு ஒரு வழி என்று 2014-ல் அவர் குழு எழுதியது. கசிவைத் தடுக்க முடியுமா? தசை இறுக்கத்துக்குத் தரப்படும் பழைய மருந்தான டான்ட்ரோலின், ஆய்வகத்தில் நம்பிக்கை தந்தது. நோயாளிகளிடம் சோதித்தபோது பாதுகாப்பானது என்று தெரிந்தது. ஆனால் நோயில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. காத்திருந்த குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஏமாற்றமாக இருந்திருக்கும்!

ஆய்வு அத்துடன் நின்றுவிடவில்லை. 2020-ல் ஆய்வாளர் ஜெஃப்ரி மில்மனும் உரானோவும் சேர்ந்து, ஒரு நோயாளியின் செல்லிலிருந்து ஸ்டெம் செல்லை உருவாக்கி, கிரிஸ்பர் முறையில் மரபணுப் பிழையைத் திருத்தி, அதை பீட்டா செல்லாக வளர்த்தார்கள். சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குள் வைத்தபோது அவற்றின் சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்தது. எலியில் நடந்தது மனிதரிடம் நடக்க இன்னும் பல படிகள் உண்டு.

பிரிட்டனில் 1995-ல் வெளியான கணக்குப்படி, ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்டோரில் ஒருவருக்கே இந்த நோய். இத்தனை அரிய நோய்க்கு ஏன் இவ்வளவு உழைப்பு என்று கேட்பவர்களும் உண்டு. அந்தக் குழந்தைகளுக்காகத்தான் என்பதே போதுமான பதில். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது: இதே மரபணுவில் பலருக்கும் இருக்கும் சிறு மாறுபாடுகள், பெரியவர்களுக்கு வரும் டைப் 2 சர்க்கரை நோயின் வாய்ப்போடு தொடர்புடையவை என்று 2007-ல் தெரியவந்தது.

தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டியதும் உண்டு. தாய், தந்தை இருவரிடமும் மரபணுவின் ஒரு பிரதி பழுதாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும்போது, இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. சர்க்கரை நோயுள்ள பிள்ளைக்குப் பார்வை குறைந்து, கண்ணாடியாலும் சரியாகாவிட்டால், பார்வை நரம்பைப் பரிசோதிக்கும்படி கண் மருத்துவரிடம் கேளுங்கள். நரம்பு வெளிறியிருந்தால் அடுத்த படி மரபணுப் பரிசோதனை.