மஞ்சள் மாத்திரையும் பாராளுமன்றமும்



சிரிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிரித்துவிட்டு மறந்துபோகிற சிரிப்பன்று. சிம்மாசனத்தில் அமர்ந்திருப்போரைச் சற்று நேரம் தரையில் இறக்கிவைக்கும் சிரிப்பு.

இங்கிலாந்து நாட்டிலே கிறிஸ் மோரிஸ் என்றொரு நையாண்டிக் கலைஞர். 1997-ஆம் ஆண்டில் ‘பிராஸ் ஐ’ என்னும் நிகழ்ச்சியைச் சானல் ஃபோர் தொலைக்காட்சியில் நடத்தினார். உண்மையான பிரமுகர்களை அழைப்பார். நாட்டைக் காக்கும் நல்லதோர் இயக்கத்துக்காகப் பேசுவதாக அவர்களை நம்ப வைப்பார். அவர்கள் வாயாலேயே அபத்தத்தைப் பேசச் செய்து, அதை நாடு காணக் காட்டுவார்.

அந்த நிகழ்ச்சிக்காக ஒரு போதைப் பொருளைக் கற்பித்தனர். பெயர் ‘கேக்’. உலகில் எங்கும் இல்லாத பண்டம்! அதை எதிர்க்க ஓர் அமைப்பு, அதுவும் கற்பனை. அமைப்பின் பெயரிலுள்ள முதலெழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் ஆங்கில வசைச்சொல் ஒலிக்கும். சேர்த்துப் படித்தாரில்லை! மூளையில் ‘ஷாட்னரின் பசூன்’ என்றொரு பகுதி உண்டாம்; கேக் அதைத் தாக்குமாம்; காலம் தெரியாமல் போகுமாம். பசூன் என்பது ஊதுகின்ற இசைக்கருவி. மூளைக்குள் நாதசுரம் இருக்கிறது என்று நம்மிடம் எவரேனும் சொன்னால் சும்மா விடுவோமா? அங்கேயோ, தொலைக்காட்சியில் புகழ்பெற்ற நோயல் எட்மண்ட்ஸ் அதைக் கவலை தோய்ந்த முகத்துடன் விளக்கினார். “இது புனைந்த பொருள்” என்ற எச்சரிக்கையும் எழுதித் தந்த உரையிலேயே இருந்தது. செடியில் விளையாமல் இரசாயனத்தால் புனைந்தது என்று பொருள் செய்துகொண்டு, அதையும் சொன்னார்கள்.

இதுவரை வேடிக்கை. இனித்தான் வினை. கன்சர்வேட்டிவ் கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர் டேவிட் அமெஸ், பெரியதொரு மஞ்சள் மாத்திரையைக் கையிலேந்தி நாட்டை எச்சரித்தார். அத்தோடு நில்லாமல், 1996-ஆம் ஆண்டில் காமன்ஸ் சபையிலே இந்தக் கேக்கைப் பற்றிக் கேள்வியும் தொடுத்தார். உள்துறையாவது விழித்துக்கொண்டதா? இல்லை! அது இன்ன இரசாயனத்தின் பெயர் என்று எழுத்து மூலம் பதிலிறுத்தது. இல்லாத பொருளுக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்தது. பாராளுமன்ற ஏட்டில் இடமும் கிடைத்தது. கேட்டவர் ஒருவர், விடை எழுதியவர்கள் பலர், “இதைக் கண்ணால் கண்டவர் யார்?” என்று ஒருவரேனும் வினவினாரா?

அமெஸ் 2021-ஆம் ஆண்டில், தொகுதி மக்களின் குறைகளைக் கேட்கச் சென்ற இடத்தில் கொலையுண்டார். அந்தக் கொடுமைக்கு நாம் தலைகுனிந்து வருந்துகிறோம். அவர் தீய மனிதர் என்பது என் வாதமன்று. நல்ல எண்ணத்தோடு பேசினார். நல்ல எண்ணமும் நாலு வரிக் குறிப்பும் போதுமென்று கருதியதுதான் குறை.

பொய் சொல்லி அழைப்பது முறையா என்று தோழர்கள் கேட்கலாம். வழியே போகும் ஏழை எளியவனை ஏமாற்றி எக்காளமிடும் நிகழ்ச்சிகளும் உண்டு. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் மக்களின் நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டு பேசுகிறவன், பேசுமுன் படிக்கிறானா என்று சோதிப்பது பொதுநலச் சோதனை. 2001-இல் அதே நிகழ்ச்சியின் தனிப் பகுதி ஒன்று, குழந்தைகளுக்கு எதிரான கொடுமையைப் பத்திரிகைகள் பரபரப்பாக்குவதைச் சாடியபோது, அமைச்சர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களில் ஒருவர், தாம் அதைப் பார்க்கவே இல்லை என்று பின்னர் ஒப்பினார்! நையாண்டிக்கு இதைவிட நற்சான்று வேண்டுமோ?

எல்லோரும் அப்படி வீழ்ந்தார்களா? டோனி பென் கதையைக் கேளுங்கள். வழிவழி வந்த பிரபுப் பட்டத்தை 1963-இல் உதறிவிட்டு, மக்கள் சபைக்கே திரும்பிய தொழிற்கட்சித் தலைவர். 2000-ஆம் ஆண்டு, சாஷா பாரன் கோஹன் ‘அலி ஜி’ என்ற வேடத்தில், ஏதுமறியாக் கொச்சைமொழி இளைஞனாக அவர்முன் அமர்ந்தார். வேலைநிறுத்தம் செய்வது சோம்பலால்தானே என்றார். உதவித் தொகைக்காகவே பெண்கள் கருவுறுகிறார்கள் என்று பழித்தார்.

பென்னும் ஏமாந்தவர்தான், எதிரே இருப்பது வேடமென அறியார். ஆயினும் தலையாட்டவில்லை. தொழிலாளி ஏன் வேலையை நிறுத்துகிறான் என்று எடுத்துரைத்தார். பெண்களை இழித்த சொல்லை அங்கேயே பிடித்துக் கண்டித்தார். காமிரா ஓடிக்கொண்டிருந்தது; கேலிக்கென்று விரித்த மேடையிலே, சில நிமிடம் தொழிற்சங்க வகுப்பு நடந்தது.