தராசும் பொட்டலமும்

மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் போதை முதலில் கள்ளாக வந்தது. கள்ளுக்கடை லயத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த இவ்வுரையாளரின் நினைவில், சம்பள நாளன்று அங்கே கூடிய கூட்டம் பள்ளி ஆண்டு விழாவுக்குக்கூடக் கூடியதில்லை. கெடாவில் ஏ.எம். சாமியின் தொண்டர் படை 1947 வாக்கில் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்றதும் கூலியைக் கடை விழுங்கியதால்தான். பிறகு சம்சு எனும் மலிவுச் சாராயம் வந்தது. தோட்டங்கள் செம்பனைக்கும் தாமான்களுக்கும் கைமாறி, குடும்பங்கள் அலோர் காஜாவுக்கும் மலாக்கா நகருக்கும் பெயர்ந்தபின் ஷாபு எனும் மெத்தாம்பெட்டமின் வந்தது. கள்ளுக் குடித்தவனை லயமே பார்த்தது. ஷாபு இழுப்பவனைப் பெற்றவள்கூடப் பார்ப்பதில்லை.

தோட்டத்தில் சோற்றைத் தீர்மானித்தது பால் நிறுக்கும் தராசு. கிராணி எழுதிய எடைக்குத்தான் கூலி; மரம் வெட்டியவர் சொல் எடுபடாது. 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டமும் எடையில்தான் பேசுகிறது. ஹெராயின் 15 கிராம், ஷாபு 50 கிராம், கஞ்சா 200 கிராம்: இந்த அளவைத் தொட்டால், வைத்திருந்தவர் கடத்தல்காரர் என்றே அனுமானம். இல்லையென்று காட்ட வேண்டியவர் அவரே. கடத்தலுக்கு 1975-இல் மரண தண்டனை வந்தது, 1983-இல் அது கட்டாயமானது, 2023 ஜூலை 4 முதல் கட்டாயம் நீங்கியது. இன்று மரணம், அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் 12-க்குக் குறையாத பிரம்படியும். இதைச் சட்டம் இளகிவிட்டதாகச் சிலர் பேசிக்கொள்கிறார்கள். முப்பது ஆண்டு என்பது ஒரு பட்டதாரி உழைக்கும் காலத்தின் பெரும்பகுதி.

பிடிபடுவோர் எல்லாரும் வியாபாரிகள் அல்லர். “மச்சான், இந்தப் பைய கொஞ்சம் வெச்சிரு, வந்து எடுத்துக்கிறேன்” என்பதில் தொடங்கும் வழக்குகளே மனத்தை வருத்துபவை. தன் பொறுப்பில் இருந்த பைக்குள் என்ன இருந்தது என்பதை ஒருவர் அறிந்திருந்தார் என்றும் சட்டம் அனுமானிக்கலாம். இவ்விரு அனுமானங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாதென்று கூட்டரசு நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. தனித்தனியே இரண்டும் நிற்கின்றன.

ஜொகூர் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போவோருக்குச் சிங்கப்பூர்ச் சட்டம் இன்னும் கடுமை. 2009 ஏப்ரலில் ஈப்போவைச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் உட்லண்ட்ஸ் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் ஹெராயின் 42.72 கிராம். அறிவுத்திறன் குறைந்தவர் என்ற வாதம் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியும் நிற்கவில்லை. 2022 ஏப்ரல் 27-இல் அவர் தூக்கிலிடப்பட்டார்.

மலேசியாவில், விற்காமல், வைத்திருக்காமல், உட்கொண்டாலே குற்றம். சிறுநீர்ப் பரிசோதனையில் அகப்பட்டால் அதே 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டாண்டு வரை சிறை. அதன்பின் இரண்டு முதல் மூன்றாண்டு கண்காணிப்பு. உடல் தரும் தண்டனைக்கு வழக்கறிஞர் கிடையாது: ஷாபு தூக்கத்தையும் பசியையும் பறித்து, இதயத்தைப் பாதித்து, இல்லாத குரல்களைக் கேட்கவைக்கும். பகிர்ந்த ஊசி எச்.ஐ.வி.யையும் ஈரல் அழற்சியையும் தரும்.

பழக்கத்தில் சிக்கியவர் பிடிபடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1983-ஆம் ஆண்டின் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டப்படி அவரே முன்வந்து சிகிச்சை கேட்கலாம். வயது வராதவருக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். கேட்க வேண்டிய இடம் தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனம், ஊரில் பலரும் ஏ.ஏ.டி.கே. என்பது அதைத்தான்.